இரண்டடி போதும் என்றேன்

தம்பி,

நலம் விசாரித்து ஆரம்பிக்க இந்தத் தடவை எனக்குக் கை வரவில்லை. நீ நலமாக இல்லை என்று தெரியும். அதற்குக் காரணம் யார் என்றும் தெரியும். அப்புறம் என்ன விசாரிப்பு வேண்டிக்கிடக்கிறது? முப்பத்தைந்து வருஷம் சர்க்கார் கட்டட இலாகாவில் ஃபைல் ஃபைலாகக் குறிப்பு எழுதியே தேய்ந்தவன் நான். ஒரு விஷயத்தை யார் தலையிலும் விடியாமல் எழுதுவது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 'காணப்படுகிறது', 'கருதப்படுகிறது' என்று எழுதினால் போதும், விரிசல் விட்ட சுவரும் தானாகவே விரிசல் விட்டதாக ஆகிவிடும். இந்தக் கடிதத்தையும் மூன்று நாளாக அப்படித்தான் எழுதி எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன். உன் அம்மா வந்து பார்த்துவிட்டு, "கபாடிவாலாவுக்கு எடைக்குப் போடவா இம்புட்டுக் கிழிக்கிய?" என்று கேட்டுவிட்டுப் போனாள். இது நான்காவது தடவை. இதைக் கிழிக்கப் போவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காலை உன் மனைவி என்னைக் கூப்பிட்டாள். வழக்கமாக சுபா உன் அம்மாவின் போனுக்குத்தான் கூப்பிடுவாள். ரசப்பொடி, மழை, மலை மந்திர் முருகன் கோயிலில் கிருத்திகைக் கூட்டம் என்று அவர்களுக்குள் ஓடும், கடைசியில் "மாமா எப்படி இருக்காங்க?" என்று ஒரு கேள்வியோடு என் பங்கு முடிந்துவிடும். அன்றைக்கு நேராக என் போனுக்கு வந்தாள். வீடியோ இல்லை, வெறும் குரல். அங்கே சனிக்கிழமை சாயங்காலம், நீ மரம் பார்க்கக் கடைக்குப் போயிருந்தாயாம்.

"மாமா, அவர் பின்வாசல் மர டெக்கைத் திரும்பவும் தானே பிரிச்சுக் கட்டப்போறேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறார். நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க பேச்சுன்னா கேப்பார்."

"நான் என்னம்மா சொல்ல..."

"இல்லை மாமா, நீங்க இன்ஜினியர். அன்னிக்கே உங்களை ஒரு வார்த்தை கேட்டிருந்தார்னா இப்படி ஆகியிருக்குமா, சொல்லுங்க? கடைக்காரர் படிச்சுப் படிச்சுச் சொன்னார், அஞ்சடிக்குக் குறையக் கூடாதுன்னு. நானும் சொன்னேன். யார் சொன்னதும் காதுல ஏறலை. ரெண்டடி தோண்டிட்டு நிறுத்திட்டார். ஏன் அப்படிப் பண்ணீங்கன்னு கேட்டா இன்னிவரைக்கும் பதில் இல்லை. சுவரு மாதிரி நிக்கிறார். என் கால் ஒடிஞ்சாப் போகுது மாமா, அது சேர்ந்துரும். நான் ஒண்ணு சொன்னா அதைக் காதுலயே வாங்காத மனுஷனோட எப்படிக் காலம் தள்றது?"

ஆகஸ்ட் கடைசியில் அவள் தன் அக்கா ஊருக்குப் போகப்போவதாகச் சொன்னாள். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கிடைத்திருக்கிறதாம். வார்டில் பன்னிரண்டு மணி நேரம் நின்று நர்ஸ் வேலை பார்க்க இனிமேல் அந்தக் கால் ஒத்துழைக்காதாம். "எப்ப திரும்பி வருவேம்மா?" என்று கேட்டேன். "அதை இப்போ யோசிக்கலை மாமா" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும். நான், "சரிம்மா, நான் அவன்கிட்டப் பேசுதேன்" என்று சொல்லிப் போனை வைத்தேன். வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். டெல்லி முனிர்காவில் இந்த இரண்டாவது மாடி ஃப்ளாட்டில், கையில் ஆறிப்போன டீயோடு, எழுபத்திரண்டு வயசில், ஓர் உண்மையை விழுங்கிக்கொண்டு.

நீ என்னைக் கேட்காமல் விட்டாயாம்! நீ கேட்காமலா இருந்தாய்? அந்த வாரம் முழுவதும் தினமும் கேட்டாயே. இரண்டடி போதும் என்று சொன்னவன் நான்தானே. அதை நீ அவளிடம் சொல்லவில்லை. என்னையும் சொல்லக் கூடாது என்றாய். இதுதான் விஷயம். இதை எழுதத்தான் மூன்று நாள் காகிதம் கிழித்தேன்.

நீங்கள் அந்த வீட்டை வாங்கிய வருஷத்தை நினைத்துப் பார்க்கிறேன். சமையலறைப் பின்கதவைத் திறந்தால் இரண்டடிக்குக் கீழே புல்தரை. படி இல்லை, ஒன்றும் இல்லை. அதை ஒட்டி மரத்தில் ஒரு மேடை கட்டப்போகிறேன், இங்கே எல்லார் வீட்டிலும் உண்டு, டெக் என்று சொல்வார்கள் என்று நீ வீடியோவில் காட்டினாய். உயரம் குறைவு என்பதால் யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை என்றாய். எனக்கு எவ்வளவு குஷி தெரியுமா? ரிட்டயர் ஆகிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. இந்த வீட்டில் குழாய் ஒழுகினால்கூட உன் அம்மா என்னை நம்பாமல் பிளம்பரைத்தான் கூப்பிடுகிறாள். அப்படிப்பட்டவனிடம் ஒருத்தன் வந்து, "பா, பீம் எவ்வளவு இடைவெளியில போடணும்? மரக்காலை எப்படி நிறுத்தணும்?" என்று கேட்டால் எப்படி இருக்கும்? பழைய டைரியை எடுத்து, பென்சில் சீவி, படம் போட்டு அனுப்பினேன். வேலையெல்லாம் நன்றாகத்தான் சொன்னேன். மரத்துக்கும் மரத்துக்கும் இடைவெளி விடு என்றேன். வீட்டுச் சுவரிலிருந்து தண்ணீர் வெளியே ஓடுகிற மாதிரி வாட்டம் கொடு, ரசமட்டம் வைத்துப் பார் என்றேன். அதில் ஒரு குறையும் இல்லை. குறை மண்ணுக்குள்ளே போயிற்று.

அப்புறம் வாஸ்து நாளைப் பிடித்துக்கொண்டேனே, அதைச் சொல்ல வேண்டும். பஞ்சாங்கத்தைப் புரட்டி ஐப்பசி வாஸ்து நாளில் முதல் மரக்காலை நட்டுவிடு என்றேன். அதை விட்டால் கார்த்திகையில்தான், அதற்குள் உங்கள் ஊரில் பனி கொட்டிவிடும். அதையும் விட்டால் தை, அப்போது மண்வெட்டியே இறங்காது. நாலு பலகை போட்ட ஒரு மேடைக்கு வாஸ்து புருஷன் கண் விழிக்க வேண்டுமா என்று யாராவது என்னைக் கேட்டிருக்கலாம். கேட்க ஆள் இல்லை. நீ, "அச்சா பா, பண்ணிடலாம்" என்றாய். அந்த நாளுக்கு மூன்று நாள்தான் இருந்தது. கையால் திருகிக் குழி போடுகிற கருவியை வாடகைக்கு எடுத்து வந்தாய். களிமண்ணும் கல்லும். ஒரு குழி ஐந்தடி இறங்க அரை நாளுக்கு மேல் ஆகும் போலிருந்தது. ஆறு குழி வேண்டும். அதுவும் ஆபீஸ் முடிந்து வந்து.

அன்றைக்கு நாம் பேசியது எனக்கு வரி வரியாக ஞாபகம் இருக்கிறது.

"பா, அஞ்சடி போறதுக்குள்ள கை விட்டுப்போகுது. மத்லப், அதாவது அந்த நாளுக்குள்ள முடியாது. கடைக்காரர் அஞ்சடி கட்டாயம்ங்கறார்."

"ஏல, நாலு பேரு உக்காந்து காப்பி குடிக்கதுக்கு அஞ்சடி அஸ்திவாரமா? குதுப்மினாரா கட்டுத? கடைக்காரன் சிமெண்டு மூட்டை விக்கணும்லா, அவன் பத்தடிகூடச் சொல்லுவான். ரெண்டடி போதும்."

"சுபாவும் அதான் சொல்றா பா. பக்கத்து வீட்டுல கேட்டுட்டு வந்தா. குளிர்ல மண்ணு மேல தள்ளுமாம்."

அதற்கு நான் என்ன சொன்னேன் என்று உனக்கு மறந்திருக்காது. "அவ நர்சுல்லா? ஊசி எங்க குத்தணும்னு அவ சொல்லட்டும். குழி எம்புட்டுத் தோண்டணும்னு நான் சொல்லுதேன்." சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தேன். நீ சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் திரையில் உன் முகம் அசையாமல் நின்றது. நெட்வொர்க் போய்விட்டது என்று நினைத்தேன். பிறகு, "டீக் ஹை, சரி பா" என்றாய். அவ்வளவுதான். இதை நீ அவளிடம் எப்படிச் சொல்லுவாய்? "அப்பா உன்னை ஊசி குத்தச் சொல்கிறார்" என்றா? எதற்கெடுத்தாலும் அப்பாவைக் கேட்கிறீர்கள் என்று அவள் ஏற்கெனவே குறைப்பட்டிருந்தாள் என்று எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. ஆகவே, நீயாகவே முடிவெடுத்ததாக அவளிடம் சொல்லிவிட்டாய்.

வாஸ்து நாள் காலையில், அதாவது எங்களுக்குச் சாயங்காலம், வீடியோவில் பூசை நடந்தது. சுபா டியூட்டியில் இருந்தாள். கற்பூரம் பற்ற மாட்டேன் என்றது. கை உறையைக் கழற்றிவிட்டு மஞ்சள் துணியை மரக்காலில் கட்டினாய். உன் அம்மா இங்கிருந்து மணி ஆட்டினாள். நான், "ஜல்தி, ஜல்தி, நேரம் போகுது" என்று விரட்டிக்கொண்டிருந்தேன். பூசை என்னுடைய யோசனை என்று சுபாவுக்குத் தெரியும். வந்து மஞ்சள் துணியைப் பார்த்துவிட்டு, "மாமா விட மாட்டாரே" என்று சிரித்தாளாம். நாள் குறித்தவன்தான் குழியையும் அளந்தான் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

முதல் குளிர்காலம் முடிந்தபோது மேடைக் கைப்பிடியில் வைத்த சின்னக் கதவு சரியாகச் சாத்தவில்லை என்று சொன்னாய். மரம் ஈரத்தில் உப்பியிருக்கும், இழைப்புளி போடு என்றேன். இரண்டாவது குளிரில் மண் தன் வேலையை முழுசாகக் காட்டிவிட்டது. இப்போது எனக்கு நன்றாகப் புரிகிறது. மண்ணுக்குள் இருக்கிற ஈரம் உறைந்து உப்பும்போது, இரண்டடியில் நிற்கிற காலை அடியோடு பிடித்து மேலே தள்ளிவிடும். வீடு ஆழத்தில் நிற்பதால் அசையாது. வீட்டோடு சேர்த்து முடுக்கிய பக்கம் அப்படியே இருக்க, வெளிப்பக்கம் நாலு விரற்கடை தூக்கிக்கொண்டது. நான் வெளியே ஓடு என்று கொடுத்த வாட்டம் திரும்பி உள்ளே ஓட ஆரம்பித்துவிட்டது. மத்தியான வெயிலில் உருகிய பனியெல்லாம் ஓடிவந்து சமையலறை வாசலில் தேங்கியது. சாயங்காலம் அது கண்ணாடியாக இறுகிவிட்டது. சுபா குப்பைப் பையை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து ஒரு கால் வைத்தாள்.

நீ ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து கூப்பிட்டபோது நான் பால் பூத்தில் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். "பா, சுபா விழுந்துட்டா. கணுக்கால் ரெண்டு இடத்துல போயிருக்கு. பிளேட் வைக்கணுமாம்" என்றாய். அப்புறம் தணிந்த குரலில், "டெக் வீட்டுப் பக்கம் சாஞ்சிருக்கு பா" என்றாய். தம்பி, நான் அப்போது முதலில் என்ன கேட்டேன்? அவளுக்கு வலிக்கிறதா என்று கேட்டேனா? எத்தனை அங்குலம் சாய்ந்திருக்கிறது என்று கேட்டேன். சீ, என்ன மனுஷன் நான்! "அவகிட்ட நீங்க சொன்னதுன்னு தெரிய வேண்டாம் பா. உங்க மேல ரொம்ப மரியாதை வச்சிருக்கா. நான் பாத்துக்கறேன்" என்றாய். நான், "சரி" என்றேன். அதையும் உள்ளபடியே சொல்லிவிடுகிறேன்: அந்த 'சரி'யைச் சொன்னபோது எனக்கு உள்ளுக்குள் அப்பாடா என்றிருந்தது. பால் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, உன் அம்மாவிடம் பனியில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று மட்டும் சொன்னேன். ஒரு வாரம் கழித்துத்தான் அவளிடமே முழுசும் சொன்னேன்.

அதற்குப் பிறகு என் பழைய சகா சர்மாவைக் கூப்பிட்டேன். அவன் லடாக்கில் மூன்று வருஷம் வேலை பார்த்தவன். அந்த போஸ்டிங் முதலில் எனக்குத்தான் வந்தது. உனக்குத் தெரியாது. நீ அப்போது கைக்குழந்தை. குடல் புண் என்று ஒரு டாக்டர் சர்டிபிகேட் வாங்கிக் கொடுத்துத் தப்பித்துக்கொண்டேன். எனக்குப் பதிலாக அவன் போனான். இரண்டடி என்று விஷயத்தைச் சொன்னதும், "தோ ஃபீட்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தான், அப்புறம் யாருக்கு அடிபட்டது என்று தெரிந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டான். அங்கே போன முதல் வருஷமே அவன் கட்டிய காம்பவுண்டுச் சுவர் குளிர்காலத்தில் வாயைப் பிளந்துகொண்டதாம். ஒரு உள்ளூர்க் கொத்தனார் தன் தலையில் அடித்துக்கொண்டு காரணம் சொன்னாராம். நான் போயிருந்தால் அந்தச் சுவர் எனக்குப் பாடம் சொல்லியிருக்கும். வயிற்றுவலி என்று பொய் சொல்லி இங்கேயே உட்கார்ந்துகொண்டேன். டெல்லிக் குளிர் மனுஷனைத்தான் நடுக்கும், மண்ணை ஒன்றும் செய்யாது. ஜனவரியில் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சைட்டில் நின்றவன் எனக்குக் குளிர் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்தது ஸ்வெட்டர்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதை நீ மறந்திருந்தால் நல்லது. மறந்திருக்க மாட்டாய். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் நாம் இருந்தபோது பின்பக்கப் பால்கனியைச் செங்கல்லும் கண்ணாடியும் வைத்து அடைத்து உனக்குப் படிக்கிற அறையாக்கினேன். சட்டப்படி கூடாதுதான், அந்த பிளாக்கில் அடைக்காதவன் யார்? தளம் நானே போட்டேன். ஜூலையில் ஒரு மழைக்குத் தண்ணீர் உள்ளே வந்து, கட்டிலுக்கு அடியில் நீ அடுக்கி வைத்திருந்த புத்தகமெல்லாம் ஊறிப்போயிற்று. ஜன்னலைச் சாத்தாமல் போனாய் என்று உன்னைக் கன்னத்தில் அறைந்தேன். நீ ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாய். "சாத்திட்டுத்தான் போனேன்" என்றுகூடச் சொல்லவில்லை. பிறகு உன் அம்மா ஒரு எலுமிச்சம்பழத்தைத் தளத்தில் வைத்தாள். அது மெதுவாக உருண்டு கட்டிலுக்கு அடியில் போயிற்று. அவள் என்னைப் பார்த்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதன்மேல் சிமெண்டுப் பூச்சுப் போட்டு வாட்டத்தைத் திருப்பினேன். நீதான் எனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாய். ஏன் பூசுகிறோம் என்று நீ கேட்கவில்லை, நான் சொல்லவும் இல்லை. உன்னிடம் ஒரு மன்னிப்புக் கேட்டிருந்தால் என் கிரீடம் ஒன்றும் இறங்கியிருக்காது. அப்பாவின் தப்பைப் பிள்ளை வாயை மூடிக்கொண்டு சுமக்க வேண்டும் என்று உனக்குக் கற்றுக்கொடுத்தவன் நான். நீ நல்ல மாணவன், நன்றாகவே கற்றுக்கொண்டாய்.

சுபா கூப்பிட்ட அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு உன் அம்மாவோடு பெரிய சண்டை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். "நல்லாச் சொன்னிய போங்க. புள்ள சொல்லாதியன்னுட்டான். இப்ப நீங்க சொன்னியன்னா அவம்லா பொய்யனா ஆவான்? ரெண்டு வருஷமா பொண்டாட்டிகிட்ட மறைச்சாம்னு அதுக்கு வேற ஒரு ஆத்தாமை வரும்" என்றாள். நியாயம்தானே? சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்றேன். "ஆகஸ்டுல போவா" என்றாள். சொன்னால் என்ன ஆகும் என்றேன். அவளுக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் சாப்பாட்டு மேஜையில் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்துகொண்டு, எந்தப் பக்கம் கால் வைத்தாலும் வழுக்குகிறதே என்று விழித்துக்கொண்டிருந்தோம். ஒரு விமானத்தில் ஏறி வந்து உங்கள் இருவருக்கும் நடுவில் நிற்கலாம் என்றால், இந்தப் பழுதுபட்ட இதயத்தோடு அத்தனை நேரப் பயணம் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வந்துதான் என்ன கிழிக்கப்போகிறேன்? மேலும் ஒரு குழிக்கு அளவு சொல்லுவேன்.

நேற்று நீ மரத்தின் படத்தை அனுப்பி, "பா, பழைய காலை ஜாக் வச்சு இறக்கிடலாமா?" என்று கேட்டிருந்தாய். இவ்வளவுக்குப் பிறகுமா என்னைக் கேட்கிறாய்? சரி, கேட்டதற்குப் பதில் சொல்கிறேன், இதுதான் கடைசி. இறக்காதே. இறக்கினால் வருகிற குளிரில் மறுபடியும் ஏறும். பழைய குழியை ஆழமாக்கவும் பார்க்காதே, கலைந்த மண்ணை நம்பக் கூடாது. அங்கே இப்போது இரும்புத் தூணைத் திருகாணி மாதிரி மெஷினால் மண்ணுக்குள் முறுக்கி இறக்குகிறார்களாமே, அது நல்லது என்று சர்மா... பார், மறுபடியும் ஆரம்பித்துவிட்டேன். எனக்குத் தெரியாது தம்பி. எனக்கு அந்த மண்ணைத் தெரியாது. அந்த ஊரில் பனியைப் பார்த்து வளர்ந்த ஓர் ஆளைக் கூப்பிடு. அவன் சொல்கிற ஆழத்துக்குத் தோண்டட்டும். நல்ல நாள் பார்க்க வேண்டாம். மண் இளகியிருக்கிற நாள் எல்லாம் நல்ல நாள்தான். மேடையே வேண்டாம் என்று சுபா சொன்னால் பிரித்து அடுக்கிவிட்டு, நாலு படி மட்டும் வைத்துக்கொள். உன்னோடு அதே வாசலில் கால் வைக்கிறவள் ஒன்று சொன்னால் ஏழாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறவனிடம் போய் அது சரியா என்று கேட்காதே. அவன் அப்பனாக இருந்தாலும் சரி. அப்பனாக இருந்தால் கட்டாயம் கேட்காதே.

உன்னிடம் புத்திமதி சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று நீ கேட்க மாட்டாய். கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்குப் பயமாக இருக்கிறது, தம்பி. அவள் போய்விடுவாள் என்று பயம். என்னால்தான் போனாள் என்று ஒருநாள் உனக்குத் தோன்றும் என்று பயம். அதைவிட, அப்போதும் நீ அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டாய் என்று பயம்.

இத்தனையும் எழுதிவிட்டேன். ஆனால் உனக்கு இதைப் படிக்க வராது. தமிழ்ச் சங்கத்தில் சனிக்கிழமை வகுப்பு இருந்தது, பக்கத்து பிளாக் பிள்ளைகள் எல்லாம் போனார்கள். கணக்கு டியூஷனும் அதே நேரம் என்று நான்தான் உன்னை நிறுத்தினேன். கடைப் பலகையை எழுத்துக்கூட்டிப் படிப்பாய், இவ்வளவு நீளத்தை எங்கே படிக்கப்போகிறாய்? இங்கிலீஷில் எழுதியிருக்கலாம். இங்கிலீஷில் எழுதினால் எனக்கு ஃபைல் பாஷைதான் வரும், தப்பு யாருடையது என்றே தெரியாமல் போய்விடும். போனில் சொல்லலாம் என்றால் நீ, "விடுங்க பா" என்று சொல்லி வைத்துவிடுவாய். ஆகையால் இதை உன் நம்பருக்கு அனுப்பவில்லை. உங்கள் வீட்டில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவளுக்கு, திருச்சியில் பன்னிரண்டு வகுப்பும் தமிழில் படித்தவளுக்கு, பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்புகிறேன். நீ என்னை மன்னிக்க வேண்டாம். உனக்குக் கொடுத்த வாக்கை நான் காப்பாற்றவில்லை.

சுபா, இதுவரைக்கும் வந்துவிட்டாயா, அம்மா? அன்றைக்கு நீ சொன்னதுதான் சரி. அவன் உன் பேச்சைக் கேட்கத்தான் நின்றான். அதைத் தட்டிவிட்டவன் நான், அதற்கு நான் சொன்ன வார்த்தையும் மேலே இருக்கிறது. அதை அழித்துவிட்டு அனுப்பலாமா என்று ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், அழிக்கவில்லை. அவன் உன்னிடம் மறைத்தது தப்பு. அந்தத் தப்பும் என்னிடம் படித்ததுதான். நீ ஆகஸ்டில் போவதும் இருப்பதும் உன் இஷ்டம், போகாதே என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. போவதானால் எங்களுக்கும் ஒரு போன் பண்ணிவிட்டுப் போ. கால் இப்போது எப்படி இருக்கிறது என்று நான் உன்னிடம் இன்றுவரை ஒரு தடவைகூட நேராகக் கேட்டதில்லை. கேட்கிறேன். வலிக்கிறதா, அம்மா?

இதை அவனுக்குப் படித்துக் காட்டுவதும் காட்டாததும் இனி உன் கையில்.

அப்பா